ஹிட்லர் திருடிய முயல்



1933. பெர்லினிலிருந்து ஒரு யூதக் குடும்பம் அவசரமாகக் கிளம்புகிறது. சிறுமி அன்னா ஒரே ஒரு பொம்மையைத்தான் எடுத்துக்கொள்ளலாம். சீக்கிரம் திரும்பிவிடுவோம் என்று நம்பி, புது நாய்ப்பொம்மையை எடுத்துக்கொள்கிறாள். பழைய இளஞ்சிவப்பு முயலை விட்டுவிடுகிறாள். வீட்டிலிருந்த அத்தனையையும் நாஜிகள் பறிமுதல் செய்கிறார்கள். தன் முயலோடு ஹிட்லர் விளையாடுவதாக அவள் கற்பனை செய்கிறாள்!

இது ஒரு நாவலின் கதை. எழுத்தாளர் ஜூடித் கெர் தன் சொந்த அனுபவத்திலிருந்து எழுதிய இந்த நாவல் 1971-இல் வெளியானது. நாடக விமர்சகரான அவருடைய தந்தை ஆல்ஃபிரட் கெர்ரின் நூல்களை நாஜிகள் எரித்தார்கள். குடும்பம் சுவிட்சர்லாந்து, பிரான்ஸ் வழியாக லண்டன் சேர்ந்தது. ஜெர்மன் பள்ளிகளில் நாஜி காலத்தைப் பிள்ளைகளுக்கு அறிமுகப்படுத்தும் நூல்களில் இதுவும் ஒன்று.