மறதி ஓடும் குடும்பங்களைத் தேடிப்போன இளம் மருத்துவர்

47 வயதில் வந்த மறதி

1980களின் தொடக்கம். கொலம்பியாவின் மெடெயின் நகரில் நரம்பியல் பயிற்சியில் இருந்தார் பிரான்சிஸ்கோ லோபெரா. மலைக்கிராமம் ஒன்றிலிருந்து அவரிடம் ஒருவரை அழைத்து வந்தார்கள். வயது 47தான், நினைவு அநேகமாகப் போய்விட்டிருந்தது. இந்த வயதில் எப்படி என்று லோபெரா குடும்பத்தைப் பற்றி விசாரித்தார். அப்பாவுக்கும் தாத்தாவுக்கும்கூட இதே கதிதான் என்று தெரிந்தது. லோபெராவின் நாற்பதாண்டு ஆராய்ச்சி அந்த விசாரிப்பில்தான் தொடங்கியது.

'லா போபெரா'

ஊர்க்காரர்கள் இந்த நோயை 'லா போபெரா' என்றார்கள். அசட்டுத்தனம் என்று பொருள். சூனியம் என்று நம்பியவர்களும் உண்டு. லோபெராவும் செவிலியர் லூசியா மத்ரிகாலும் வீடுவீடாக ஏறி இறங்கினார்கள்; தேவாலயங்களின் பழைய பதிவேடுகளைப் புரட்டி, யாருக்கு யார் பிள்ளை என்று தலைமுறை தலைமுறையாக வம்சாவளி வரைந்தார்கள். கெரில்லாப் போராளிகளும் போதைக் கும்பல்களும் நடமாடிய மலைகள் அவை. அங்கே ரத்த மாதிரி எடுக்கப் போவதற்கே தனித் துணிச்சல் வேண்டும்.

1990களின் நடுவில் இந்த இளவயது அல்சைமர் நோயின் காரணம் பிடிபட்டது: பிரெசெனிலின்-1 என்ற மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியிருந்தது. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. சராசரியாக 44 வயதில் தடுமாற்றம், 49க்குள் டிமென்ஷியா. இந்த வம்சாவளியின் பெருங்குடும்பத்தில் சுமார் 6,000 பேர்.

இவர்களை நம்பி நடந்த ஒரு மருந்துச் சோதனை 2022இல் கைகொடுக்கவில்லை. ஆனால் அதற்கு முன்பே, 2019இல், ஒரு வெளிச்சம் தெரிந்திருந்தது. அதே மரபணு மாற்றம் இருந்தும் எழுபது வயது வரை தெளிவாக இருந்தார் ஒரு பெண்மணி. மூளையில் அமிலாய்டு புரதப் படிவு ஏராளம். நினைவைச் சிதைக்கும் டௌ புரதமோ குறைவு. ஏபிஓஇ மரபணுவில் அவருக்கிருந்த அரிய 'கிறைஸ்ட்சர்ச்' மாற்றம் அவரைப் பாதுகாத்திருக்கலாம் என்கிறார்கள். அதைப்போலவே செயல்படும் மருந்தைத் தேடுகிறார்கள் இன்றைய ஆய்வாளர்கள். லோபெரா 2024 செப்டம்பரில் காலமானார்.

வீட்டார் கவனிக்க வேண்டியவை

இப்படி ஒற்றை மரபணுவால் வரும் அல்சைமர் நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. ஆகவே தாத்தாவுக்கு இருந்ததென்று பயந்து ஒடுங்க வேண்டாம். அதே சமயம், 'வயசானா அப்படித்தான்' என்று விட்டுவிடுவதும் தவறு. பெயர் சட்டென நினைவுக்கு வராமல் பிறகு வருவது இயல்பு. நாற்பது வருடம் சாம்பார் வைத்த கை, அடுத்து என்ன போடுவதென்று தெரியாமல் அடுப்பருகே திகைத்து நின்றால் மருத்துவரைப் பாருங்கள். பி12 குறைவு, தைராய்டு, மனச்சோர்வு ஆகியவையும் மறதியைத் தரும். இவற்றுக்குச் சிகிச்சை உண்டு. ரத்த அழுத்தம், சர்க்கரை, காது மந்தம் ஆகியவற்றை நடுவயதிலேயே கவனித்தால் ஆபத்து குறையும்.

மருத்துவரிடம் போகும்போது ஒரு நோட்டுப்புத்தகம் கொண்டுபோங்கள். எப்போதிலிருந்து, என்ன மறந்தார், எத்தனை முறை, குடும்பத்தில் வேறு யாருக்கு என்று எழுதி வையுங்கள். லோபெராவுக்கு வழி திறந்ததும் வீட்டார் சொன்ன அந்த விவரங்கள்தான்.