அப்பாவின் சீனியர் சிட்டிசன் சங்கத்தை மூடப் போகிறார்களா? பூட்டுப் போட்டால் மட்டும் போதாது!

உங்கள் ஏரியாவிலும் ஒரு மூத்த குடிமக்கள் சங்கம் இருக்கும். ஒரு காலத்தில் ஹால் நிறைந்த மாதக் கூட்டத்துக்கு இப்போது பத்துப் பேர் வந்தாலே பெரிய விஷயம். பொருளாளருக்கே 80 வயது. ‘இனி முடியாது, மூடிடலாம்’ என்ற பேச்சு வந்துவிட்டால் அடுத்து என்ன?

ஏன் இந்த நிலை?

2011 கணக்கெடுப்பிலேயே தமிழ்நாட்டில் பத்தில் ஒருவர் 60 வயதைத் தாண்டியவர். அப்படியிருந்தும் பல சங்கங்கள் சுருங்குகின்றன. ஆயுள் சந்தா என்று ஒருமுறை வாங்கிய பணம் கரைந்துவிடுகிறது. வாடகையும் கரன்ட் பில்லும் ஏறிக்கொண்டே போகின்றன. இன்று ரிட்டயர் ஆகிறவர் தன்னை ‘சீனியர்’ என்றே நினைப்பதில்லை. அவருக்கு வாட்ஸ்அப் குரூப் போதும். செயலாளர் பொறுப்பை ஏற்கவும் ஆள் கிடைப்பதில்லை.

அப்படியே விட்டுவிட்டால்?

பலரும் செய்வது இதைத்தான். சிக்கலும் இங்கேதான். இரண்டு ஆண்டுகள் வரவு செலவு இல்லாத வங்கிக் கணக்கு ‘இயங்காத கணக்கு’ ஆகிவிடும். பத்து ஆண்டுகள் யாரும் கேட்காத பணம் ரிசர்வ் வங்கியின் டெபாசிட்தாரர் விழிப்புணர்வு நிதிக்குப் போகும். பிறகும் திரும்பக் கேட்கலாம். ஆனால் யார் கேட்பது? கையெழுத்துப் போடும் உரிமை உள்ள மூன்று பேரில் இரண்டு பேர் காலமாகியிருந்தால், மிச்சமிருப்பவர் வங்கிக்கும் பதிவு அலுவலகத்துக்கும் அலைய வேண்டியதுதான். அது உங்கள் அப்பாவாகவும் இருக்கலாம்.

முறையாக மூடுவது எப்படி?

பெரும்பாலான சங்கங்கள் 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் வருபவை. முதலில் பைலாவை எடுத்து, கலைப்பு பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். பிறகு, குறைந்தது 21 நாள் முன்னதாக நோட்டீஸ் கொடுத்துப் பொதுக்குழுவைக் கூட்ட வேண்டும். ஓட்டுரிமையோடு வந்திருப்பவர்களில் நான்கில் மூன்று பங்கினர் ஆதரித்தால்தான் அது சிறப்புத் தீர்மானம். அதை மினிட் புக்கில் ஏற்றி, மாவட்டப் பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும். பழைய ஆண்டுக் கணக்குகள் பாக்கி இருந்தால் அவற்றையும் முடிக்க வேண்டும். ஒரு ஆடிட்டரைக் கூடவே வைத்துக்கொள்வது நல்லது.

மிச்சப் பணத்தைப் பிரித்துக்கொள்ளலாமா?

கூடாது. ‘நாங்க கட்டின காசுதானே?’ என்ற கேள்வி கட்டாயம் வரும். ஆனால் கடன்களை அடைத்த பிறகு மிஞ்சுவதை உறுப்பினர்கள் பங்கு போட முடியாது. அதேபோன்ற நோக்கமுள்ள வேறொரு சங்கத்துக்குத்தான் தர வேண்டும். வருமான வரி விலக்குப் பதிவு பெற்ற சங்கம் என்றால் இன்னும் கவனம் தேவை. அதே பதிவுள்ள அமைப்புக்கு உரிய காலத்துக்குள் சொத்தை மாற்றாவிட்டால், அந்தச் சொத்தின் மதிப்புக்கே வரி கட்ட நேரிடும்.

ஒரு நெருடலான விஷயமும் உண்டு. உறுப்பினர் இறந்தால் குடும்பத்துக்கு ஒரு தொகை தருவதாகச் சில சங்கங்கள் ஆண்டுக்கணக்கில் பணம் வாங்கியிருக்கும். அதை நம்பி இருப்பவர்களுக்கு என்ன பதில் என்பதை, தீர்மானத்துக்கு முன்பே பைலாவைப் பார்த்துப் பேசி முடிக்க வேண்டும். மூடிய பிறகு கேட்க ஆபீஸ் இருக்காது.

ஆட்கள் என்ன ஆவார்கள்?

தனியாக வசிக்கும் ஒருவருக்கு, ‘ஏன் கூட்டத்துக்கு வரலை?’ என்று கேட்டு வரும் போன்தான் அந்த மாதத்தின் ஒரே விசாரிப்பாக இருக்கலாம். பணத்தைப் போலவே அவர்களையும் எங்காவது சேர்க்க வேண்டும். பக்கத்து ஏரியா சங்கத்தோடு இணைய முடியுமா என்று முதலில் கேட்டுப் பாருங்கள். இரண்டு ஓய்ந்த சங்கங்கள் சேர்ந்தால் ஒரு கூட்டம் நடத்தலாம். முடியாவிட்டால், தனியாக இருப்பவர்களின் பட்டியலைப் போட்டு, யார் யாரை வாரம் ஒருமுறை அழைப்பது என்று கடைசிக் கூட்டத்திலேயே பிரித்துக்கொள்ளலாம். முதியோருக்கான இலவச உதவி எண் 14567. அதையும் எல்லோருடைய போனிலும் சேவ் செய்து கொடுங்கள்.

இந்த வார இறுதியில் அப்பாவிடம் இரண்டே கேள்வி கேளுங்கள்: பைலா எங்கே இருக்கிறது? வங்கியில் யார் யார் கையெழுத்து? இரண்டுக்கும் பதில் தெரிந்தவர்கள் இருக்கும்போதே வேலையைத் தொடங்கிவிடலாம்.