கல்லறையில் எழுதப்படும் சமயம்

கிள்ளானில் எங்கள் தாத்தாவின் கல்லறைக்குப் போகும்போதெல்லாம், தலைக்கல்லில் பொறித்த ‘ஓம்’ எழுத்தைத்தான் அப்பா முதலில் துடைப்பார். அதைப் பொறிக்க நாங்கள் எந்த இலாகாவிடமும் அனுமதி கேட்கவில்லை. அது குடும்பத்தின் முடிவு என்றே நான் எண்ணியிருந்தேன். எல்லாக் குடும்பங்களுக்கும் அந்த முடிவு எளிதில் கிட்டவில்லை என்பது பின்னர்தான் புரிந்தது.

அரசையும் சமயத்தையும் கண்டிப்பாகப் பிரித்த நாடு பிரான்சு. 1881ஆம் ஆண்டுச் சட்டம் அங்குள்ள பொது இடுகாடுகளில் இருந்த சமயப் பிரிவினையை நீக்கியது. பொது இடங்களில் புதிதாகச் சமயச் சின்னங்கள் எழுப்புவதை 1905ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்தது. ஆனால் அதே சட்டம் கல்லறைகளுக்கு விலக்கு அளித்தது. இடுகாட்டின் வாசல் அனைவருக்கும் பொது. கல்லறையோ இறந்தவருக்கு உரியது என்பதே இதன் பொருள்.

நம் நாட்டு அமைப்பு வேறு. கூட்டரசு அரசியலமைப்பின் 3ஆவது பிரிவு இஸ்லாத்தைக் கூட்டரசின் சமயம் என்கிறது. பிற சமயங்களை அமைதியோடு பின்பற்றவும் இடமளிக்கிறது. 11ஆவது பிரிவு ஒவ்வொருவருக்கும் சமய உரிமை தருகிறது. இடுகாடும் சுடுகாடும் மாநிலங்களின் அதிகாரப் பட்டியலில் உள்ளன. இங்கே இடுகாடுகள் சமயவாரியாகப் பிரிந்திருப்பதால், கல்லில் எந்தச் சின்னம் என்பதற்கு முன்பே எந்த இடுகாடு என்ற கேள்வி எழுகிறது. இறந்தவரின் சமயத்தில் ஐயம் எழுந்தால், அதைத் தீர்மானிப்பவர் யார்?

இராணுவ வீரர் மூர்த்தியை நம்மில் பலர் அறிவோம். 1997ஆம் ஆண்டு எவரெஸ்ட் சென்ற மலேசியக் குழுவில் இடம்பெற்றவர். பின்னர் ஏற்பட்ட விபத்தால் இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். 2005 டிசம்பர் 20ஆம் நாள் கோலாலம்பூர் மருத்துவமனையில் மறைந்தார். அவர் 2004ஆம் ஆண்டே இஸ்லாத்தைத் தழுவிவிட்டதாகச் சமய இலாகா கூறியது. அவர் இறுதிவரை இந்துவாகவே வாழ்ந்தார் என்றார் மனைவி காளியம்மாள். டிசம்பர் 22ஆம் நாள் ஷரியா உயர் நீதிமன்றம் அவரை முஸ்லிம் என அறிவித்தது. காளியம்மாள் சிவில் நீதிமன்றத்தை நாடினார். 1988இல் சேர்க்கப்பட்ட 121(1ஏ) பிரிவின்படி, ஷரியா நீதிமன்ற முடிவில் தலையிடத் தனக்கு அதிகாரமில்லை என்று உயர் நீதிமன்றம் 28ஆம் நாள் கூறியது. அன்றே மூர்த்தி முஸ்லிம் முறைப்படி அடக்கம் செய்யப்பட்டார். 2010இல் மேல்முறையீடும் தள்ளுபடியானது.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். சமயம் மாறுவது ஒருவரின் உரிமை. மூர்த்தி உண்மையில் மாறியிருந்தால், அவர் விரும்பிய முறையில் அடக்கம் செய்வதே நியாயம். சிக்கல் அதுவல்ல. ஒரு நீதிமன்றத்தில் காளியம்மாளின் தரப்பு கேட்கப்படவில்லை. இன்னொரு நீதிமன்றம் தனக்கு அதிகாரமில்லை என்றது. கணவரின் சமயத்தைப் பற்றி மனைவி சாட்சி சொல்ல ஓர் இடம் இல்லாமற் போனதே வேதனை.

அடுத்த மாதமே வேறொரு நிகழ்வு. 2006 ஜனவரியில் நியோன்யா தாஹிர் என்ற 89 வயது மூதாட்டி காலமானார். பிறப்பால் மலாய்க்காரர், சீனக் குடும்பத்தில் வளர்ந்து பௌத்தராக வாழ்ந்தவர். நெகிரி செம்பிலான் ஷரியா உயர் நீதிமன்றம் முஸ்லிம் அல்லாத அவருடைய பிள்ளைகளின் சாட்சியத்தைக் கேட்டது. அவர் முஸ்லிம் அல்லர் எனத் தீர்ப்பளித்தது. அவர் பௌத்த முறைப்படி அடக்கம் செய்யப்பட்டார். உறவினரின் சொல்லுக்குச் செவிசாய்த்தால் எவ்வளவு வேறுபாடு ஏற்படும் என்பதற்கு இதுவே சான்று.

2018 ஜனவரி 29ஆம் நாள், இந்திரா காந்தி வழக்கில் கூட்டரசு நீதிமன்றம் ஒரு முக்கிய முடிவைக் கூறியது. பிள்ளைகளின் ஒருதலைப்பட்ச மதமாற்றம் குறித்த வழக்கு அது. அரசு அலுவலர்களின் செயலைச் சீராய்வு செய்யும் சிவில் நீதிமன்றத்தின் அதிகாரத்தை 121(1ஏ) பறித்துவிடாது என்று அந்நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. மூர்த்தியின் குடும்பத்திற்கு அது காலங்கடந்த ஆறுதல்தான்.

நண்பர்களே, சாவைப் பற்றி வீட்டில் பேசினால் ‘வாயைக் கழுவு’ என்பார்கள். ஆயினும் நம் சமயம் எது, நம்மை எப்படி அடக்கம் செய்ய வேண்டும் என்பதை உயிரோடு இருக்கும்போதே வீட்டாரிடம் சொல்லி, எழுதியும் வைப்போம். சமயம் மாறினால் அதையும் மறைக்காமல் சொல்வோம். நம் கல்லறையில் எதைப் பொறிப்பது என்று நீதிமன்றத்தில் நின்று கேட்கும் நிலை நம் தாய்மார்களுக்கு வர வேண்டாம்.