சூட்டைக் கட்டுப்படுத்தும் குட்டிக் கம்ப்யூட்டர்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். கேம் விளையாடத் தொடங்கிய சில நிமிடங்களில் கேபினட்டுக்குள் இருக்கும் பேனின் இரைச்சல் கூடும். கேமை மூடினால் அடங்கிவிடும். பிராசசரில் உள்ள சென்சார் சூட்டை அளக்க, மதர்போர்டு அதற்கேற்ப பேனின் வேகத்தை மாற்றுகிறது. இதே வேலையை 370 டிகிரி செல்சியஸில் செய்யும் ஒரு சாதனத்தைப் பற்றி இப்போது பார்ப்போம்.

அமெரிக்காவில் தூண்டில் போட்டு மீன் பிடிப்பவர்கள் சிலர், அதற்கான ஈயக்குண்டுகளை வீட்டிலேயே வார்த்துக் கொள்கிறார்கள். இதற்கெனச் சிறிய மின்சாரப் பாத்திரங்கள் கிடைக்கின்றன. இங்கே ஈயம் என்பது காரீயம். இது 327.5 டிகிரியில் உருகும். நம் ஊர்ப் பாத்திரங்களுக்குப் பூசுவது வெள்ளீயம். அது 232 டிகிரியிலேயே உருகிவிடும். இரண்டையும் குழப்பிக் கொள்ள வேண்டாம்.

வார்க்கும்போது சூடு குறைந்தால் அச்சு முழுவதும் நிரம்பாது. கூடினால் மேலே ஆடை போலக் கசடு படியும், ஈய ஆவியும் அதிகரிக்கும். எனவேதான் இவர்களில் பலர் தாங்களே ஒரு கன்ட்ரோலரை உருவாக்கிக் கொள்கிறார்கள்.

என்னென்ன தேவை?

முதலில் சென்சார். இதற்குக் கே வகை தெர்மோகப்பிள் பயன்படுகிறது. இரண்டு வெவ்வேறு உலோகக் கம்பிகளை ஒரு முனையில் இணைத்திருப்பார்கள். அந்த முனை சூடானால் ஒரு டிகிரிக்குச் சுமார் 41 மைக்ரோவோல்ட் மின்னழுத்தம் உண்டாகும். இது மிகக் குறைவு என்பதால் மேக்ஸ் 6675 போன்ற சிப் ஒன்று அதனைப் பெருக்கி, கால் டிகிரி படிகளில் எண்ணாக மாற்றித் தரும். அந்த எண்ணை ஆர்டுயினோ போர்டு படித்து, கணக்குப் போட்டு, சாலிட் ஸ்டேட் ரிலே மூலம் ஹீட்டரை இயக்கும். இந்த ரிலேயும் சூடாகும். எனவே அதனை ஹீட் சிங்க் மீது பொருத்த வேண்டும்.

கணக்கு எப்படி?

370 டிகிரி வந்ததும் நிறுத்து, குறைந்தால் போடு என்று எழுதினால் போதாதா? போதாது. ஹீட்டரை நிறுத்திய பிறகும் அதில் தேங்கிய சூடு பாத்திரத்துக்குள் ஏறிக்கொண்டே இருக்கும். சூடு 390 வரை போய், பிறகு 350க்கு இறங்கி, ஊஞ்சல் போல ஆடும்.

பால் காய்ச்சும்போது நாம் என்ன செய்கிறோம்? பொங்கும் வரை காத்திருப்பதில்லை. பொங்கப் போகிறது என்று தெரிந்ததுமே தீயைக் குறைக்கிறோம். பி.ஐ.டி. என்ற கணக்கு இதைத்தான் செய்கிறது. கப்பல்களைத் தானாகத் திசை திருப்புவதற்காக நிக்கோலஸ் மினோர்ஸ்கி 1922இல் இதனை ஆராய்ந்து எழுதினார்.

பி என்பது இப்போதுள்ள வித்தியாசம். ஒரு டிகிரி குறைவுக்கு 2 சதவீத மின்சக்தி என்று வைத்தால், 350 டிகிரியில் 40 சதவீதம் போகும். வெளியே வீணாகும் வெப்பத்தை ஈடுகட்ட அந்த 40 சதவீதமே தேவைப்பட்டால், பாத்திரம் 350லேயே நின்றுவிடும். இங்கே ஐ உதவுகிறது. விடாமல் தொடரும் குறைவைக் கூட்டிக் கூட்டிச் சேர்த்து, மின்சக்தியை மெல்ல உயர்த்தும். டி என்பது சூடு ஏறும் வேகம். வேகமாக ஏறினால் முன்கூட்டியே குறைத்துவிடும்.

40 சதவீதம் என்றால் ஹீட்டருக்குப் போகும் மின்சாரம் குறைக்கப்படுவதில்லை. 2 விநாடியில் 0.8 விநாடி ஓடும், மீதி நேரம் நிற்கும். அவ்வளவுதான்.

சென்சார் நழுவினால்?

இந்தப் புரோகிராமை எழுதியதும் நான் ஈயத்தில் இறங்கவில்லை. மின் அடுப்பில் தண்ணீர் வைத்து, 60 டிகிரி என்று செட் செய்து சோதித்தேன். சிறிது நேரத்தில் தண்ணீர் தளதளவெனக் கொதித்தது. திரையிலோ 31 டிகிரி! தெர்மோகப்பிள் நழுவிப் பாத்திரத்துக்கு வெளியே தொங்கிக் கொண்டிருந்தது. புரோகிராமில் ஒரு பிழையும் இல்லை. அறையின் சூட்டைப் பார்த்து, இன்னும் போதவில்லை என்று முழு வேகத்தில் சூடேற்றிக் கொண்டிருந்தது. தண்ணீர் 100 டிகிரியோடு நின்றது. ஈயம் அப்படி நிற்காது. அதன் கொதிநிலை 1,749 டிகிரி.

ஒயர் அறுந்தால் மேக்ஸ் 6675 கண்டுபிடித்துச் சொல்லிவிடும். நழுவினால் சொல்லாது. எனவே புரோகிராமில் ஒரு காவல் வேண்டும். 2 நிமிடம் முழு மின்சக்தி கொடுத்தும் சூடு ஏறவில்லை என்றால் ஹீட்டரை நிறுத்தி பஸ்ஸரை ஒலிக்கச் செய்யுங்கள்.

இதிலும் ஒரு சிக்கல் உண்டு. ஈயம் உருகும் நேரத்தில் எவ்வளவு சூடேற்றினாலும் எண் 327ஐ ஒட்டியே நிற்கும். 2 கிலோ ஈயம் உருக மட்டும் சுமார் 46 கிலோஜூல் தேவை. 500 வாட் ஹீட்டருக்கு இது ஒன்றரை நிமிட வேலை. வீணாகும் வெப்பத்தையும் சேர்த்தால் இன்னும் நேரமாகும். எனவே 320 முதல் 335 வரை மட்டும் 5 நிமிடம் பொறுக்கச் சொல்லலாம்.

இதுவும் போதாது. சாலிட் ஸ்டேட் ரிலே கெட்டுப்போனால் பெரும்பாலும் ஆன் நிலையிலேயே ஒட்டிக்கொள்ளும். அப்போது புரோகிராம் நிறுத்து என்று சொன்னாலும் ஹீட்டர் நிற்காது. எனவே தனி சென்சார் கொண்ட இரண்டாவது லிமிட் கன்ட்ரோலர் ஒன்று, 450 டிகிரியில் காண்டாக்டர் மூலம் மெயின் சப்ளையையே துண்டிக்க வேண்டும். பாத்திரத்துக்கு எர்த் கட்டாயம்.

ஈயத்தை மறக்காதீர்கள்

ஈயம் உடலில் சேர எந்த அளவும் பாதுகாப்பானது அல்ல என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. குழந்தைகளின் மூளை வளர்ச்சியை அது பாதிக்கும். வீட்டுக்குள்ளும் சமையலறையிலும் உருக்கவே கூடாது. உருகிய ஈயத்துக்குள் ஈரம் போனால் சட்டென்று ஆவியாகி ஈயத்தை முகத்தில் தெறிக்க வைக்கும். பழைய கார் பேட்டரியை உடைத்து உருக்குவது இன்னும் ஆபத்து. அதைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

கற்றுக்கொள்ள ஈயம் தேவையில்லை. தண்ணீரும் 60 டிகிரியும் போதும். ஆர்டுயினோவை யு.எஸ்.பி. மூலம் கம்ப்யூட்டரில் இணைத்து, விநாடிக்கு ஒரு ரீடிங் எடுத்து, எக்ஸெல்லில் கிராப் போட்டுப் பாருங்கள். 230 வோல்ட் இணைப்புகளை மட்டும் எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுங்கள். கிராப் சீராக வந்ததும், ஓடிக்கொண்டிருக்கும்போதே சென்சாரை வெளியே எடுத்துப் பாருங்கள். 2 நிமிடத்தில் ஹீட்டர் தானாக நின்றால்தான் உங்கள் கன்ட்ரோலர் தயார் என்று பொருள்.