உங்களுக்குத் தெரியுமா? பாலிஷ் பேடுக்கும் குளியல் வேண்டும்

கார் பெயிண்டின் மேலிருக்கும் கிளியர் கோட் பெரும்பாலும் 40, 50 மைக்ரான்தான். தலைமுடியை விட மெல்லியது. அதன்மேல் பாலிஷ் மெஷினில் சுழலும் ஃபோம் பேடின் துளைகளில் பழைய பாலிஷ் காம்பவுண்டும் உரசி வந்த பெயிண்ட் துகளும் சேர்ந்து காய்ந்தால், பேட் அப்பளம்போல விறைத்துவிடும். சூடு ஏறும், புதுக் கீறல் விழும். பெயிண்டைக் குறை சொல்லுமுன் பேடை விரலால் அழுத்திப் பாருங்கள்.

காரின் ஒவ்வொரு பகுதியும் முடிந்ததும் மெஷினை மெதுவாக ஓடவிட்டு, நைலான் பிரஷை பேடின் முகத்தில் லேசாகக் காட்டினால் வெண்பொடி உதிரும். அந்த அரை நிமிடத்தை மிச்சம் பிடிக்காதீர்கள். வேலை முடிந்த கையோடு, காம்பவுண்ட் ஈரமாக இருக்கும்போதே, வெதுவெதுப்பான நீரில் மென்மையான சோப்பு போட்டு அழுத்தி அலசுங்கள். முறுக்கிப் பிழிந்தால் ஃபோம் கிழியும். கொதிநீர் பட்டால் பேடின் பின்பக்க வெல்க்ரோவைப் பிடித்திருக்கும் பசை விட்டுவிடும். ஃபோம் பக்கம் கீழே இருக்கும்படி கம்பிவலையில் வைத்து நிழலில் உலர்த்துங்கள். நீர் பசைப் பக்கம் தேங்காது.

தரையில் விழுந்த பேடை அப்படியே எடுத்து ஓட்டவே கூடாது. ஒரு மணல் துகள் போதும், பானெட் முழுக்க வட்டக் கீறல்தான்.