வெள்ளி நீர் மருந்தாகுமா?

வெள்ளிக் கம்பியும் மின்கலமும் கொண்டு வீட்டிலேயே 'கூழ்ம வெள்ளி' தயாரித்துக் குடித்தால் நோய் தீரும் என்று சிலர் கூறுவர். பழவேற்காடு ஏரிக்கரை வாசகர்கள் இதனை நம்ப வேண்டாம்.

உப்புக் கரிக்கும் கிணற்று நீரில் இரு வெள்ளிக் கம்பிகளை அமிழ்த்தி மின்சாரம் செலுத்தினால், நேர்முனைக் கம்பியிலிருந்து வெள்ளி கரையும். உப்பிலுள்ள குளோரைடு அதனுடன் சேர்ந்து வெள்ளி குளோரைடாகும். நீர் பால்போல் கலங்கி, வெயில் பட்டால் கருக்கும்.

காய்ச்சி வடித்த நீரில் செய்தால் நுண்ணிய வெள்ளித் துகள்கள் நீரில் மிதந்து நிற்கும். ஆயினும் அது நோய் தீர்க்கும் மருந்தன்று. தொடர்ந்து குடித்தால் வெள்ளி உடலில் தங்கி, தோல் நீலச் சாம்பல் நிறமாக மாறலாம். அந்நிறம் பின்னர் மறையாது. மருத்துவர் சீட்டின்றி விற்கப்படும் இத்தகைய மருந்துகளை 1999-இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் ஏற்க மறுத்தது.

குடிநீரைக் கொதிக்க வைத்து ஆற்றிப் பருகுங்கள். கிருமிகள் மடியும், உப்பு மட்டும் நீங்காது. ஆகவே, கொதிக்க வைப்பதற்கு நன்னீரையே எடுத்துக்கொள்ளுங்கள்.