20 மில்லி கணக்கு

கள்ளக்குறிச்சிப் பக்கம் ஒரு விவசாயியிடம் ராத்திரி மழை எப்படி என்று கேட்டால், "ஒரு உழவு மழைங்க" என்பார். ஏர் இறங்குகிற ஆழத்துக்கு மண் நனைந்திருக்கிறது என்று அர்த்தம். மக்காச்சோளம் ஊன்றலாமா, இன்னொரு மழைக்குப் பொறுத்திருக்கலாமா என்று முடிவெடுக்க அந்த ஒரு சொல் போதும். ஆனால் போன வருஷம் ஆடியில் எத்தனை உழவு பெய்தது என்று கேளுங்கள், பதில் வராது. உழவு மழையை யாரும் எழுதி வைப்பதில்லை.

எழுதி வைப்பதற்கென்றே இருக்கிற கருவி மழைமானி. தாலுகா அலுவலக வளாகம் மாதிரி இடங்களில், கம்பி வேலிக்குள் குட்டையாக நிற்கும். பார்த்தால் ஒன்றுமே இல்லை: மேலே ஒரு புனல், உள்ளே ஒரு புட்டி, சுற்றி ஒரு உறை. சாவி போட்டு முடுக்க வேண்டாம், கரண்ட் வேண்டாம். தினமும் காலை 8.30 மணிக்கு ஒருவர் வந்து புட்டியில் சேர்ந்த தண்ணீரை அளவுக் குவளையில் ஊற்றிப் பார்த்து எழுத வேண்டும். நாடு முழுக்க அதே 8.30தான். முந்தைய நாள் 8.30 முதல் இன்று 8.30 வரை விழுந்ததுதான் செய்தியில் வரும் '24 மணி நேர மழை'.

மில்லிமீட்டர் என்றதும் பலருக்குக் குழப்பம் வருகிறது. தண்ணீரை லிட்டரில்தானே அளப்போம், இதை ஏன் ஸ்கேலில் அளக்கிறார்கள்? பெய்த மழை எங்கும் ஓடாமல், மண்ணில் இறங்காமல், ஆவியாகாமல் அப்படியே நின்றால் எவ்வளவு உயரம் நிற்கும் என்பதுதான் கணக்கு. புனல் வாயின் பரப்பு 200 சதுர சென்டிமீட்டர் என்றால், 1 மி.மீ. மழைக்குப் புட்டியில் சேர்வது சரியாக 20 மில்லி. இருமல் மருந்து பாட்டிலோடு வரும் அளவு மூடியாலேயே அளந்துவிடலாம். அதே 1 மி.மீ. ஒரு ஏக்கரில் விழுந்தால் ஏறக்குறைய 4,000 லிட்டர். குவளையை எடுத்துக் கண்ணுக்கு நேராகப் பிடித்தால் தண்ணீர் ஓரத்தில் கொஞ்சம் ஏறி, நடுவில் குழிந்து தெரியும். குழியின் அடியைத்தான் படிக்க வேண்டும்.

வைக்கும் இடத்தில்தான் பலர் தவறுகிறார்கள். புனல் விளிம்பு தரையிலிருந்து 30 செ.மீ. உயரம் இருந்தால் போதும். பக்கத்து மரமோ சுவரோ எவ்வளவு உயரமோ, அதைப் போல் இரண்டு மடங்காவது தள்ளி வைக்க வேண்டும். வேப்பமரத்தடியில் வைத்தால் அது மரத்தின் மழை, ஊரின் மழை அல்ல. மொட்டை மாடியிலும் வேண்டாம், காற்று துளியைப் புனலைத் தாண்டித் தள்ளிவிடும்.

இதெல்லாம் புது யோசனை இல்லை. தானியக் கிடங்கின் முன்னால் மழையளக்கக் கிண்ணம் வைக்கச் சொல்கிறது கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம். கொரிய அரசவை 1441இல் உலோகத்தில் மழைமானி செய்தது. இப்படி மழையை அளக்கச் சொன்னவை வரி வசூலித்த அரசுகள் என்பதையும் சொல்லியாக வேண்டும். விளைச்சல் தெரிந்தால்தானே வரி!

மீண்டும் கள்ளக்குறிச்சிப் பக்கம், கல்வராயன் மலைக்கு வருவோம். கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு துண்டு இது. வெள்ளிமலை, கரியாலூர் எல்லாம் கள்ளக்குறிச்சி மாவட்டம். கருமந்துறைப் பக்கம் சேலம். சின்னக் கல்வராயன் சுமார் 2,700 அடி, பெரிய கல்வராயன் சுமார் 4,000 அடி. சாயங்காலம் மேகம் திரண்டால் ஒரு சரிவில் கொட்டும், அடுத்த மடிப்பில் புழுதி பறக்கும். இப்படிப்பட்ட நிலத்துக்கு ஒரே ஒரு மழைமானி எப்படிப் போதும்? மேலே சாமையும் மரவள்ளியும் போட்டவருக்குத் தன் சரிவின் மழை தெரிய வேண்டும். கீழே கரும்பு வைத்திருப்பவருக்கும் மலையின் மழைதான் கணக்கு. 46 அடி கோமுகி அணையையும் 36 அடி மணிமுக்தா அணையையும் நிரப்புவது அதுதான்.

வறட்சி இந்தக் கணக்கில் எங்கே வருகிறது? வெள்ளம் ஒரு ராத்திரியில் வந்து கதவைத் தட்டும். வறட்சி அப்படி இல்லை. அது நோட்டுப் புத்தகத்தில்தான் முதலில் தெரியும். ஒரு பருவத்துக்கு 400 மி.மீ. வழக்கம் என்று வைத்துக்கொள்வோம். 290 பெய்தால் பற்றாக்குறை 27.5 சதவீதம். 26 முதல் 50 சதவீதம் குறைந்தால் மிதமான வறட்சி, அதற்கும் மேல் போனால் கடுமையான வறட்சி என்பது இந்திய வானிலைத் துறையின் அளவுகோல். 2016 வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் 62 சதவீதம் குறைந்தது. 2017 ஜனவரியில் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன. அறிவிப்பு வரும்போது பயிர் காய்ந்து முடிந்திருந்தது.

சதவீதத்தில் ஒரு ஏமாற்றும் உண்டு. மொத்த மழை வழக்கம்போல் பெய்திருக்கும், ஆனால் பாதி மழை இரண்டே நாளில் கொட்டி ஓடையில் போயிருக்கும். நடுவில் மூன்று நான்கு வாரம் வழக்கத்தில் பாதிகூட இல்லாமல் கதிர் பிடிக்கும் நேரத்தில் காய்ந்தால் பருவத்தின் கூட்டுத்தொகை யாருக்கு ஆறுதல்? அதனால் வாரக்கணக்கு வேண்டும். வாரக்கணக்குக்குத் தினக்கணக்கு வேண்டும்.

இப்போது தமிழக அரசு 1,400 தானியங்கி மழைமானிகளை நிறுவியிருக்கிறது. தானியங்கி மழைமானிகள் பலவற்றுக்குள் இருப்பது, பிள்ளைகள் ஏறி ஆடும் சீசா பலகை போல இரண்டு சின்னக் கிண்ணங்கள். ஒன்று நிறைந்ததும் சாய்ந்து கொட்டும், மற்றது மேலே வரும். ஒவ்வொரு சாய்வும் ஒரு எண். அந்த எண் செல்போன் வலை வழியே போய்ச் சேரும். புனலில் ஒரு சருகு அடைத்துக்கொண்டால் மட்டும், கொட்டுகிற மழையிலும் கருவி 'மழை இல்லை' என்றே சொல்லிக்கொண்டிருக்கும். 'டிஎன் அலர்ட்' செயலியில் மழை விவரம் கைபேசிக்கே வருகிறது. நல்லதுதான். என் குறை ஒன்றுதான்: எண் ஊரிலிருந்து மேலே போகிற வேகத்தில், ஊர்க்காரர் கண்ணில் படும்படி திரும்பி வருவதில்லை.

திரும்பி வந்த இடங்கள் உண்டு. பிரிவதற்கு முந்தைய ஆந்திராவில் 7 வறண்ட மாவட்டங்களில், ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் ஆதரவோடு, விவசாயிகளே மழையையும் கிணற்று மட்டத்தையும் அளந்து ஊர்ச் சுவரில் எழுதினார்கள். அந்த எண்களை வைத்து ஊர் கூடி, இந்த வருஷம் நெல்லுக்குத் தண்ணீர் காணுமா, கடலையோடு நிறுத்திக்கொள்ளலாமா என்று பேசினார்கள். யாரும் உத்தரவு போடவில்லை. வயநாட்டில் ஹியூம் சூழலியல் ஆய்வு மையம் 200க்கும் மேற்பட்ட மழைமானிகளை ஊர்க்காரர்கள் கையிலேயே கொடுத்து, நிலச்சரிவு எச்சரிக்கைக்குப் பயன்படுத்துகிறது. மலையடிவாரப் பள்ளி ஒன்றில் கரும்பலகையின் ஓரத்தில் நான்கு விரற்கடை இடம் ஒதுக்கினாலே இந்த வேலை தொடங்கிவிடும்.

நோட்டுப் போடுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மழை பெய்த நாளில் எல்லோரும் ஆசையாக ஓடிப்போய் அளப்பார்கள். பெய்யாத நாளிலும் போய்ப் பார்த்து 0 என்று எழுத வேண்டும். காலியாக விட்டால், அன்று மழை இல்லையா, அளக்க ஆள் வரவில்லையா என்று பின்னால் புரட்டுகிறவருக்குத் தெரியாது.